ஏழாம் கொட்டகையின் கதவு

"இதை எழுதினது யாரு?"

வாசகர் கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம்.

ஏணிமேல் நின்று படம் மாட்டிக்கொண்டிருந்த உதவி நூலகர் கீழே பார்த்தாள். மழையில் தொப்பலாக நனைந்து, நெற்றியில் ஒட்டிய முடியோடு ஒருவன்... முகம் முழுக்கக் கோபம். கண்கள் மட்டும் அந்தக் கோபத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்... எவ்வளவு பெரிய கண்கள்.

'இப்போ இதுவா முக்கியம்?' என்று தன்னையே அதட்டிக்கொண்டு இறங்கினாள்.

"நான்தான். கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"மெதுவாத்தாங்க பேசறேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் சுவரிலிருந்த அட்டையைக் காட்டினான்.

ஊர்க்கோடியில் போர்க்காலத்தில் குண்டு செய்த தொழிற்சாலையும், அதை ஒட்டிய ராணுவக் கிடங்கும் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கே உழைத்தவர்களின் நினைவுகளைத் திரட்டி அவள் ஒரு கண்காட்சி வைக்கிறாள். அந்த அட்டை சொன்னது: 'ஏழாம் கொட்டகைத் தீ விபத்து. பெண் தொழிலாளி ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்தது. இருவர் பலி.'

"அந்தத் தொழிலாளி என் பெரியம்மா. நாற்பத்தஞ்சு வருஷமா கேட்ட பேச்சு போதாதுன்னு, நீங்க சட்டம் போட்டு வேற மாட்டுறீங்க."

"எனக்குக் கிடைச்ச அறிக்கைச் சுருக்கத்துல அப்படித்தாங்க இருக்கு..."

"பெரியம்மாவைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். அட்டையைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு வந்து கேக்கட்டுமா?"

சண்டைக்கு வந்தவன் தலையாட்டினான். அந்தப் பெரிய கண்கள் இரண்டு முறை இமைத்தன...

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. பெரியம்மாவுக்கு இடது காது கேட்காது, வெடியில் போனது. தாயில்லாத தங்கை மகனை அவர்தான் வளர்த்திருக்கிறார். அவன் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வாசல்லயே கொண்டை ஊசி, வளையல் எல்லாத்தையும் கழட்டி வாங்கிப்பாங்க. ஆணி வச்ச செருப்புகூடக் கூடாது," என்றார் பெரியம்மா. "வெடிமருந்து அடைச்சு அடைச்சுக் கையெல்லாம் மஞ்சளாயிடும். அன்னிக்குத் தீப்பிடிச்சதும் ஓடினோம். கதவு வெளிய பூட்டியிருந்தது. வெடிச்சதுல சுவர் பிளந்து நான் பிழைச்சேன். என்கூட வேலை பார்த்த ரெண்டு பொண்ணுங்களும்... அப்புறம், நான் கொண்டை ஊசியோட உள்ள போனதாலதான் பொறி கிளம்பிச்சுன்னு எழுதிட்டாங்க. ஊரே என்னைக் கொலைகாரின்னு பார்த்துச்சு. யாரு பொண்ணு கேட்டு வருவா?"

அடுத்து வந்த மூன்று ஞாயிறும் அவள் போனாள். பதிவு செய்ய வேண்டியது முதல் நாளே முடிந்துவிட்டது என்பதை யாரும் பேசவில்லை.

"கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எழுதறீங்க. என் தொழிலுக்கே அவமானம். உட்காருங்க," என்று ஒருநாள் அவளைச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்தான். "கடைசி வரியைப் படிங்க."

"தெரியல."

"அதுக்கு மேல?"

"அதுவும் தெரியல."

சோதனைக் கண்ணாடியில் வில்லைகளை மாற்றியபடி ஒரு சாண் தூரத்தில் அவன் முகம்... எழுத்து எப்படித் தெரியும்?

நான்காம் வாரம் அசல் அறிக்கை அவள் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் கொட்டகை மேற்பார்வையாளரின் கையெழுத்து. அதன் வால் சுழி அவளுக்குத் தெரியும்... பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் பன்னிரண்டு வருஷம் பார்த்தது. கிடங்கில் காவல் வேலை பார்த்ததாகத்தான் அப்பா சொல்லியிருந்தார்.

அதன்பிறகு அவன் போன் செய்தால் எடுக்கவில்லை. எட்டாம் நாள் அவனே நூலகத்துக்கு வந்தான்.

"கடைக்காரன்னு கௌரவம் பார்க்கறீங்களா?"

"எங்க அப்பாதான் அந்த விபத்து அறிக்கையில கையெழுத்துப் போட்டவரு," என்றாள்.

அவன் திரும்பினான். கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். 'முடிஞ்சுது' என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, பெரியம்மாவின் குரலை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார்.

"மேலதிகாரி எழுதச் சொன்னாரு. மாட்டேன்னிருந்தா உள்ள தள்ளியிருப்பாங்க. இருபத்துநாலு வயசு எனக்கு... என்னை அங்க கூட்டிட்டுப் போம்மா."

அந்த ஞாயிறு அவர்கள் போனபோது பெரியம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவனும் பக்கத்தில் இருந்தான். அப்பா நின்றபடியே சொன்னார். "கதவைப் பூட்டினது நான். உங்ககிட்ட ஊசி இல்ல. பொய்யின்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

பெரியம்மா மெல்ல வலது காதைத் திருப்பினார்.

"இந்தக் காதுல சொல்லு. இன்னொரு தடவை."

அப்பா மறுபடி சொன்னார். அழுதுகொண்டே சொன்னார்.

"மன்னிக்க எனக்கு வருமான்னு தெரியல," என்றார் பெரியம்மா. "ஆனா இதை அந்தச் சுவத்துல எழுது. உன் கையால எழுது... முதல்ல உட்காரு."

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. கடைப்பக்கம் வந்துவிட்டாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"அன்னிக்கு ஏன் சட்டுனு கிளம்பிப் போனேன் தெரியுமா?"

"கோபம்..."

"கோபம்தான். ஆனா உங்க மேல இல்ல. இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டீங்களோன்னு... கண்ணு கலங்கிடுச்சு. அதை நீங்க பார்க்க வேண்டாம்னுதான்."

அவள் தலை குனிந்தாள். "நான் போன் எடுக்காதது கௌரவத்தால இல்ல. எடுத்தா சொல்லிடுவேன்னு பயம்."

"அப்பா விஷயத்தையா?"

"அது ஒண்ணு..."

"இன்னொண்ணு?"

"உன்னைப் பிடிச்சிருக்குன்னு."

'உன்னை' என்று எப்படி வந்தது? நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் ஓர் அடி நெருங்கி வந்தான். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னான்.

"எனக்கும்... ஏணியிலேர்ந்து நீ இறங்கினப்பவே."