மாஸ்டருக்குச் சொன்ன நிலா

அன்று அமாவாசை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வழக்கம்போல ஒரு பொய்யை மனதில் தயாராக வைத்துக்கொண்டுதான், பொழுது சாய்ந்ததும் கட்டிலுக்கு எதிரே இருந்த ஜன்னல் திரையை விலக்கினாள். விலக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

ஜன்னலில் முழு நிலா இருந்தது.

"என்னம்மா, வந்துடுச்சா?" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த மாஸ்டர்.

"வந்துடுச்சு ஐயா."

தினமும் சொல்லும் பதில்தான். இன்றைக்குத்தான் அது உண்மை. இன்றைக்குத்தான் அதைச் சொல்ல நாக்கு வறண்டது.

மாஸ்டர் தையல்காரர். சர்க்கரை நோய் அவர் கண்களைத் தின்றுவிட்டது. மகன் தொழிற்சாலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஊசி போட்டு, சாப்பாடு கொடுத்து, கூட இருந்து பார்த்துக்கொள்ள அவள் வருகிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் கேட்டார்: "வெளியில நிலா இருக்காம்மா? கண்ணு இருந்த காலமெல்லாம் ஊசிக் காதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். தலையை நிமிர்த்தி அதை ஒருநாள்கூடப் பாக்கல."

அவள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். அன்று வானத்தில் மெல்லிய பிறைக்கீற்று ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள், முழு நிலா என்றாள். அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு வேறு எதையும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதன்பின் அந்த வீட்டில் நிலா தேய்ந்ததே இல்லை. யார் குடியையும் கெடுக்காத பொய். ஆண்டவனே, இதை மன்னித்துவிடு என்று படுக்கும்முன் வேண்டிக்கொள்வாள். மன்னித்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் முழு நிலா என்று மட்டும் சொன்னால் மாஸ்டர் விடமாட்டார். எப்படி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். வெள்ளித் தட்டு, பஞ்சு உருண்டை, மாவு சலித்த முறம் என்று அவளும் தேடித் தேடிச் சொல்லுவாள். "தட்டு போன மாசமே வந்துடுச்சு. பழைய துணியைத் திருப்பித் தைச்சுக் குடுக்காதம்மா, புதுசா வெட்டு" என்பார். சட்டைப் பித்தான் மாதிரி என்று சொன்ன அன்றைக்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தனை ஓட்டை? ரெண்டா, நாலா?"

அவள் ஜன்னலை மறுபடி பார்த்தாள். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கின் சுவர். அந்த ஜன்னலிலிருந்து வானமே தெரியாது. நிலா அந்தச் சுவருக்கு முன்னால் நின்றது. செங்கல்லை மறைத்துக்கொண்டு. அதன் வெளிச்சம் சுவரில் விழவில்லை, சந்தில் விழவில்லை, அறைக்குள் மட்டும் விழுந்தது.

வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். கருப்பு. எங்கேயோ ஒரு நாய் குரைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. அறைக்குத் திரும்பி வந்தபோது ஜன்னலில் அது இருந்தது. கொஞ்சம் பெரிதாக.

கைபேசி ஒலித்தது. மாஸ்டரின் மகன்.

"அக்கா, இங்க மெஷின் ரிப்பேர். நான் வர லேட்டாகும். அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க, ப்ளீஸ்."

"எங்க தம்பி போகப்போறேன்? நீங்க வாங்க" என்றாள். அந்தக் குரல் தன்னுடையது போலவே இல்லை.

"சொல்லும்மா" என்றார் மாஸ்டர். "இன்னிக்கு எப்படி இருக்கு?"

"பால்... பால் ததும்புற கிண்ணம் மாதிரி ஐயா."

நிலாவின் விளிம்பு நடுங்கியது. நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய அலை ஒன்று ஓடியது. ஜன்னல் கட்டையில் சொட்டு விழும் சத்தம். பிறகு இன்னொரு சொட்டு. ஆறிப்போன பாலின் வாசம், கூடவே கொஞ்சம் புளிப்பு, கட்டில்வரைக்கும் வந்தது.

"அட, பால் வாசம்கூட வருதே!" மாஸ்டர் குழந்தைபோல மூக்கை உறிஞ்சினார். "நீ பெரிய ஆளும்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அது சொல்லுக்காகக் காத்திருக்கிறது. சொன்னதாக மாறுகிறது. அப்படியென்றால் வாயே திறக்கக்கூடாது. திரையை இழுத்து மூடினாள். கைகளைக் கூப்பிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

திரைத்துணி உள்பக்கமாகப் புடைத்தது. மெதுவாக. வட்டமாக. பின்னால் கண்ணாடி முனகியது. சும்மா இருந்தால் அதுவே உள்ளே வந்து தனக்கு ஒரு உருவம் தேடிக்கொள்ளும் போலிருந்தது.

"பித்தான் ஐயா!" என்று கத்தினாள். "வெள்ளைப் பித்தான்."

புடைப்பு தணிந்தது. துணியின் வழியாக நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தன. அவற்றில் ஆழம் இருந்தது.

"அது பழசாச்சே" என்றார் மாஸ்டர்.

புள்ளிகள் மூடிக்கொண்டன. துணி மறுபடி புடைத்தது. முன்பைவிட அதிகமாக. திரை வளையம் ஒன்று தெறித்து விழுந்தது. தட்டு என்றாள். அசையவில்லை. பஞ்சு, முறம். அசையவில்லை. ஒரு வருஷத்துச் சொற்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

கைபேசி. அவள் மகள். ஏழு வயது. அம்மா வேலைக்கு வந்துவிட்டால், அவர்கள் வீட்டுக்கு மேல் வீட்டு அத்தையிடம் இருப்பாள்.

"அம்மா, எப்ப வருவ? அத்தைக்குத் தூக்கம் வருதாம்."

"வந்துடறேன் கண்ணு. இதோ வந்துடறேன்."

மாஸ்டர் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்தார். அன்பான சிரிப்பு. "எதுக்கும்மா இவ்வளவு யோசனை? உம் பொண்ணு முகம் மாதிரின்னு சொல்லேன். நல்ல வட்ட முகம்னு நீதானே பீத்திக்குவ?"

திரை விழுந்தது.

கண்ணாடி நிறைய வெண்மை. அதில் இரண்டு குழிகள் விழ ஆரம்பித்தன. நடுவில் சின்னதாய் ஒரு மேடு. அந்த மூக்கை அவளுக்குத் தெரியும். தினமும் முத்தமிடும் மூக்கு.

"அம்மா" என்றது கைபேசி. "என் முகம் ஜில்லுனு இருக்கும்மா."

"இல்ல!" என்றாள். "ஐயா, இல்ல! அவ மாதிரி இல்ல!"

"பின்ன யாரு மாதிரி?"

மேடு வளர்ந்துகொண்டிருந்தது. வேறு சொல் இல்லை. வேறு முகத்தைச் சொல்லலாம்தான். எதிரி முகத்தை, தெருவில் போகிற யாரோ ஒருவரின் முகத்தை. அவர்களுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள் என்ற நினைப்பு அந்த நேரத்திலும் அவளுக்கு வந்தது. அவள் அப்படித்தான்.

"என்னை மாதிரி" என்றாள். "என் முகம் மாதிரிதான் ஐயா இருக்கு."

"இப்ப சரியாயிடுச்சும்மா" என்றாள் மகள்.

"உன் முகமா!" மாஸ்டரின் குரல் நெகிழ்ந்தது. "அதை நான் பாத்ததே இல்லையேம்மா. கிட்ட வா."

கையை நீட்டினார். அவள் போக நினைத்தாள். கால் இல்லை. குளிர் மட்டும் இருந்தது. எதிரே கட்டில் இருந்தது, விளக்கு இருந்தது, நீட்டிய கை இருந்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அந்தக் கையை நோக்கி அவளுடைய சேலை கட்டிய ஒரு பெண் குனிந்தாள்.

விரல்கள் நெற்றியில் தொடங்கின. துணியில் ஒரு நூல் சிக்கினாலும் கண்டுபிடிக்கும் விரல்கள். அவை வழுக்கிக்கொண்டு இறங்கின. புருவம் தட்டுப்படவில்லை. மூக்கு தட்டுப்படவில்லை. நேராக முகவாய்க்கு வந்து நின்றன. மறுபடி மேலே போயின. மறுபடி இறங்கின.

"அம்மாடி?" என்றார் மாஸ்டர்.

அவள் கத்தினாள். கண்ணாடியில் ஆவிகூடப் படியவில்லை.

அந்த உருவம் போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டு, ஓரத்தைப் பதமாகச் செருகியது. அவள் செய்வாளே, அதே இதத்தோடு. அவர் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தது. பிறகு நிமிர்ந்தது.

வாசல் கதவு திறந்தது. மகன் வந்துவிட்டான். முன்னறை இருட்டில் குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே பேசினான்.

"ரொம்ப சாரிக்கா. பொண்ணு முழிச்சிட்டிருப்பா பாவம். நான் வந்த வண்டியையே உங்களுக்காக நிக்க வச்சிருக்கேன், காசும் குடுத்துட்டேன். ஏறிச் சீக்கிரம் வீட்டுக்குப் போங்க."

கட்டிலின்மேல் கிடந்த கைபேசியில் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "அம்மா? வர்றியாம்மா?"

அந்த உருவம் அதை எடுத்து, காது இருக்கவேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டது. கவனமாகக் கேட்டது. தலையை ஆட்டியது. அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்திருந்தவனைத் தாண்டி வெளியே போனது.

ஜன்னலில் இருந்து அந்த அறை மட்டும்தான் தெரிந்தது. வண்டி கிளம்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது.