ஆறுதலி

லிமாரா தீவைச் சுற்றியுள்ள கடலில் எந்த மீனும் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. பானை போலத் தலை பெருத்த களவா மீன்கள் பொந்தைவிட்டு வந்து, முக்குளிப்பவர்களின் உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொள்ளும். பேய்க்கணவாய் தன் எட்டுக் கைகளையும் மடக்கிக்கொண்டு மடியில் உட்காரும். மத்தியதரைக் கடலில் இப்படி ஓர் இடமா என்று உலகமே அங்கே வந்து குவிந்தது.

எல்லாம் ஆறுதலி என்ற கருவி செய்த வேலை. மீனுக்கு விலாவில் ஓடும் மெல்லிய கோடுதான் தண்ணீரில் அசைவை உணரும் உறுப்பு. கூட்டத்தில் ஒன்று மிரண்டால் அந்த அதிர்வு மற்றவற்றின் விலாவைத் தொடும். எல்லாம் சிதறி ஓடும். ஆறுதலி, மிரளாத கூட்டத்தின் அதிர்வை ஓயாமல் தண்ணீருக்குள் அனுப்பியது. அக்கம்பக்கம் அமைதியாக இருப்பதாக ஒவ்வொரு மீனும் நம்பிவிட்டது. அதே வித்தை மனிதனின் காதுக்குப் பின்னுள்ள எலும்பிலும் பலிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை. ஒட்டிக்கொண்டால் போதும், பயம் போய்விடும்.

மெட்டில்டாவுக்கு அதில் விருப்பமில்லை. தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்களின் வழிவந்தவள் அவள். லிமாராவில் அக்காள் கணவர் தனிஸ்லாஸ் நடத்தும் முக்குளிப்பு நிலையத்தில் வழிகாட்டி. வழிகாட்டிகளும் வில்லை ஒட்ட வேண்டும் என்பது இந்தப் பருவத்தில் வந்த விதி.

"எனக்கு வேண்டாம் அத்தான். இருவது வருசமா இது இல்லாமத்தான முங்குறேன்."

"ஏட்டி, நீ மூஞ்சத் தொங்கப்போட்டா வந்தவங்களுக்கு எப்படித் தைரியம் வரும்? ஒட்டுட்டி" என்றார் தனிஸ்லாஸ். அவர் காதுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. படகில் இருந்தாலும் கழற்றமாட்டார். மெட்டில்டா முணுமுணுத்தபடி ஒட்டிக்கொண்டாள்.

அன்று அவளோடு இறங்க வேண்டியவர் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த சவுந்தரவல்லி. மகன் வாங்கிக் கொடுத்த பயணம். படகின் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை.

"ஏங் கண்ணு, மீனு கடிக்குமா?"

"கடிக்காதுக்கா. முத்தம் வேணா குடுக்கும்."

"அதுக்கு எங்கூட்டுக்காரரே பரவால்ல போ."

தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டே வில்லையை அந்த அம்மாளின் காதுக்குப் பின்னால் ஒட்டினார். படகைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. வளைவுப் பாறையின் மறுபக்கம் இன்னொரு வழிகாட்டியான பவுலோ, ஜெனோவாக்காரர்கள் நால்வரோடு சற்றுமுன்தான் இறங்கியிருந்தான். இவர்கள் இருவரும் கைகோத்தபடி குதித்தார்கள்.

கீழே எல்லாம் அழகாக இருந்தது. கடற்புல் மேட்டின்மேல் சின்னக் கருமீன்கள் தொங்கின. சவுந்தரவல்லியின் கண்ணாடியில் ஒரு களவா மூக்கை உரசியது. அவர் சிரித்த சிரிப்பு குமிழிகளாக மேலே போயிற்று. புதியவர்கள் காற்றை வேகமாக இழுப்பார்கள். அதனால் வழிகாட்டி அடிக்கடி உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டிக் கேட்பது வழக்கம்: காற்று எவ்வளவு இருக்கிறது?

மெட்டில்டா தட்டிக் கேட்டாள். சவுந்தரவல்லி காற்றுமானியைத் தூக்கிக் காட்டினார். முள் சிவப்பின் அடியில் கிடந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் மானி அலறும். அது மனதைக் கலக்குகிறது என்று அலறலை எடுத்துவிட்டார்கள்.

மெட்டில்டா முள்ளைப் பார்த்தாள். அதன் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சரி என்று தலையசைத்துவிட்டு, பாறையிடுக்கில் இருந்த பேய்க்கணவாயைச் சுட்டிக் காட்டினாள்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் கோத்திருந்த கை இறுகியது. சவுந்தரவல்லியின் முகத்தில் கலவரம் இல்லை. மார்பு மட்டும் காற்றில்லாமல் இழுத்தது. மெட்டில்டாவுக்கும் பயம் வரவில்லை. பாவம், மூச்சுக்குத் தவிக்கிறார் என்று மட்டும் தோன்றியது. தாகத்தில் நிற்பவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் நீட்டுவது போல, தன் உருளையின் இரண்டாவது வாய்க்குழாயை அவர் வாயில் வைத்தாள். அணைத்துப் பிடித்தபடி மெதுவாக மேலே கொண்டுவந்தாள்.

படகில் ஏறியதும் முகம் கழுவினாள். வில்லையைப் பிய்த்தாள்.

அப்போதுதான் பயம் வந்தது. படகின் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "ஆண்டவரே, நான் அவங்களுக்குக் கணவாயக் காட்டிட்டு இருந்தேனே" என்றாள்.

"எனக்கொண்ணும் ஆகல கண்ணு" என்றார் சவுந்தரவல்லி. அவர் வில்லை இன்னும் காதிலேயே இருந்தது. "இது வெலைக்குக் கெடைக்குமா? வூட்டுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போகோணும்."

வில்லைகள் அனுப்பும் நெஞ்சுத்துடிப்பைக் காட்டும் திரை ஒன்று தனிஸ்லாஸ் கையில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து தீர்ந்தும் ரெண்டு பேரு நெஞ்சும் ஒரே சீரா அடிச்சிருக்கு பாரு. இத விளம்பரத்துலயே போடலாம்."

மெட்டில்டா எழுந்துபோய் அவர் காதுக்குப் பின்னாலிருந்ததைப் பிடுங்கினாள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. திரையை இன்னொரு முறை பார்த்தார். உதடு கோணியது. "ரெண்டு பேரும் செத்திருப்பீங்களே... உங்க அக்காவுக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்" என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"பவுலோ இறங்கி எவ்வளவு நேரமாச்சு?"

"எங்களுக்கு முன்னாடியே."

தனிஸ்லாஸ் இரும்புத் திருகுசாவியை எடுத்துப் படகின் ஏணியில் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த ஒலி கேட்டால் உடனே மேலேறி வரவேண்டும் என்பது எல்லா முக்குளிப்பவர்களுக்கும் தெரியும். தெளிந்த தண்ணீரில் ஐந்து பேரும் தெரிந்தார்கள். ஒலி கேட்டு ஐவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் அன்போடு கையாட்டினான். பிறகு மீன்களோடு மீன்களாகத் திரும்பிக்கொண்டார்கள்.

அவர்களுக்காகப் பயப்பட மேலே இருந்த இரண்டு பேர் மட்டுமே இருந்தார்கள்.

"ஏட்டி, இப்பத்தான் ஏறுன. உடம்பு நடுங்குது உனக்கு."

"நடுங்கட்டும் அத்தான். அடிக்கிறத நிறுத்தாதீங்க" என்றாள் மெட்டில்டா.

புது உருளையை முதுகில் ஏற்றினாள். இரண்டாவதாக ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு கையால் அடித்தபடியே, மறு கையால் தனிஸ்லாஸ் அவள் வாரைப் பூட்டிவிட்டார். நெஞ்சு காதுக்குள் அடிக்க, அந்தப் பயத்தோடேயே அவள் குதித்தாள்.