முகம் கழுவப் பத்து நிமிடம்

மூன்றாம் நாள் கணக்கு மட்டும் உதைத்தது.

ஏழு நாள் மலைப்பயணம். நாளுக்கு ஒரு தாள் என்று சாப்பாட்டு மேசைமேல் ஏழு தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். இடம், சேரும் நேரம், கிளம்பும் நேரம் என்று மூன்று பத்திகள், அடியில் ஓட்டுநர் கையெழுத்துக்கு ஒரு கோடு. குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்கள் யாரும் இப்படிக் கட்டம் கட்டி எழுத மாட்டார்கள்தான். ஆனால் பதினோரு வருடமாக ஒரு பஸ் கம்பெனியில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுகிறவளுக்கு வேறு மாதிரி எழுத வராது. டெப்போவில் அவளுக்குப் பெயரே டைம் அக்கா. பென்சிலை எடுத்தால் அவள் கை தானாக ஸ்கேலைத் தேடும்.

மற்ற ஆறு நாட்களும் சமர்த்தாகக் கூட்டலுக்கு அடங்கிவிட்டன. மூன்றாம் நாள்தான் நீளமான மலைச்சாலை. கீழ்ச் சோதனைச் சாவடி காலை ஆறரைக்குத் திறக்கும், மேல் சாவடி மாலை ஐந்துக்கு மூடும். மூடினால் மூடினதுதான், யார் போய்க் கெஞ்சினாலும் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். ஓடும் நேரம், அருவியில் நிற்கும் நேரம், மதியச் சாப்பாடு, அதன்பின் ஓய்வு எல்லாவற்றையும் கூட்டினால் பத்தரை மணி நேரம். மேல் சாவடிக்குச் சரியாக ஐந்து. ஆனால் கடைசி வரியில் அவள் கையெழுத்திலேயே ஐந்து பத்து என்று இருந்தது.

அசதி, வேறென்ன என்று நினைத்தாள். ரப்பரால் அழித்து ஐந்து என்று எழுதினாள். அடுப்படிக்குப் போய் ஆறிய காபியைச் சுட வைத்து, நின்றபடியே குடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

ஐந்து பத்து.

வெளியே மதியத்திலிருந்தே மழை. மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் வீடு இருட்டிக் கிடந்தது. உள்ளறையில் கணவனும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வந்தவன். விடியற்காலையில் கிளம்ப வேண்டுமே என்று இப்போதே தூக்கத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான். வாலு என்று அவர்கள் கூப்பிடும் ஒன்பது வயது மகள், நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இன்றைக்கே போட்டுக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் சுருண்டிருந்தாள். இந்தப் பயணமே அவன் ஏற்பாடு. "நீ தூங்கி நான் பாத்து மூணு வருஷமாச்சு. ஒரு வாரம் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வா" என்றான். அவளால் மறுக்க முடியவில்லை. இந்த இரண்டு பேரையும் பத்திரமாகக் கூட்டிப் போய், பத்திரமாகக் கூட்டி வந்துவிட்டால் போதும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

மதியம் படுக்கப் போகுமுன் அவன் தாள்களைப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்கும் கையெழுத்துக் கோடு போட்டிருக்கியா?"

"கை பழக்கம்ங்க."

"சரி, மூணாம் நாள் பெரிய ஓட்டம். சாப்பிட்டதும் இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கறேன். அதுல மட்டும் கை வைக்காதே."

"வைக்கல."

"நீ வைப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

ஏனென்றால் இதையே இன்னொருவர் அவளிடம் கேட்டிருக்கிறார். டெப்போவில் மெதுவண்ணன் என்று ஒரு மூத்த டிரைவர். வண்டியை அவ்வளவு நிதானமாக ஓட்டுவார் என்பதால் அந்தப் பெயர். மலை வண்டி அவருடையது. நாற்பத்திரண்டாவது மைலில், இறக்கத்தில் வரும் பெரிய வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பாறையோரம் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. அங்கே பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி, பிரேக் சூட்டை ஆற விட்டு, முகம் கழுவிக்கொண்டு கிளம்புவது வழக்கம். மூன்று வருடத்துக்கு முன் மேலேயிருந்து உத்தரவு வந்தது: வண்டி பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். அவள் அட்டவணையைப் பார்த்தாள். யாரும் ஏறாத, யாரும் இறங்காத ஒரு நிறுத்தம் கண்ணில் பட்டது. அழித்தாள். அழிக்க ஒரு நொடி ஆனது.

மெதுவண்ணன் மேசைக்கு வந்து நின்றார். "முகம் கழுவப் பத்து நிமிஷம் குடு தங்கச்சி. வேற எதுவும் கேக்கல."

"எங்கேண்ணே இடம் இருக்கு? ஒரு நிமிஷம்கூட இல்ல" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

அவர் தாளில் கையெழுத்துப் போட்டார். டெப்போவில் ஒரு விதி உண்டு. ஓட்டுநர் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தத் தாளை யாரும் திருத்தக் கூடாது, போட்டவளே ஆனாலும். பதினாறாம் நாள் அந்த வளைவில் வண்டி மெதுவண்ணனோடு கீழே போய்விட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், சாலையைப் பார்த்தார்கள், ஓட்டுநர் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்கள். அட்டவணையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கணவனிடம்கூட. எத்தனையோ தடவை வாய்வரைக்கும் வந்திருக்கிறது, விழுங்கிவிட்டாள். அந்த மலைக்கு அந்த ஒரு சாலைதான்; மூன்றாம் நாள் இவர்கள் போக வேண்டியதும் அதில்தான்.

ஐந்து பத்தை மறுபடி அழித்தாள். தாள் அந்த இடத்தில் மெலிந்து, விரல் பட்டால் கிழிந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அவன்தான் எழுந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். தண்ணீர் கொட்டியது, உள்ளங்கையில் ஏந்தி முகத்தில் அடிக்கும் சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, பிறகு வயதானவர்கள் மூக்கிலும் வாயிலும் காற்றை ஊதித் தண்ணீரைத் தெறிக்க விடுவார்களே, அந்த 'ப்பூ'. அவள் கணவன் அப்படி ஊதுகிறவன் இல்லை. கழுத்தைத் திருப்பி உள்ளறையைப் பார்த்தாள். ஒருக்களித்த கதவு வழியே இரண்டு ஜோடிப் பாதங்கள் தெரிந்தன, பெரியது இரண்டு, சின்னது இரண்டு. இரண்டு பேருமே படுக்கையில்தான் இருந்தார்கள்.

சத்தம் நின்றது.

எழுந்து போய்ப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. உண்மையில் அது தெம்பில்லாததும் இல்லை, பயம். பக்கத்து வீட்டுக் குழாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூன்றாம் நாள் தங்கப் போகும் விடுதிக்கு போன் போட்டாள். மேல் சாவடிக்கு அந்தப் பக்கம் உள்ள விடுதி. மனிதக் குரல் ஒன்று காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது.

"புதன்கிழமை ரூம் போட்டிருந்தோம். மூணு பேர். உறுதி பண்ணத்தான் கூப்பிட்டேன்."

"இப்பதானே மேடம் உங்க ஆளு பேசினாரு. அஞ்சு பத்துக்கு வந்துடுவோம், சாவடியில சொல்லி வைங்கன்னு."

"எங்க ஆளா? யாரு?"

"டிரைவர்னு சொன்னாரு. பின்னாடி ஒரே தண்ணிச் சத்தம், பேரு சரியா கேக்கல."

"நாங்க டிரைவர் வைக்கலையே. எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டறாரு."

"அப்படியா? பத்து நிமிஷம் எதுக்குன்னு தங்கச்சிக்குத் தெரியும்னாரே மேடம்."

போனை மேசைமேல் வைத்தாள். கையை எடுத்த பிறகும் விரல்கள் போனைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன.

வாசனை அப்போதுதான் எட்டியது. முதலில் லேசாக, ஈரத்துணி காய்வது போல. பிறகு நன்றாகவே. டெப்போவில் வேலை பார்க்கிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையிறங்கி வந்து நிற்கும் வண்டியின் சக்கரத்துக்குள்ளிருந்து வரும் வாசனை. கருகின பிரேக்.

மறுபடி குழாய் திறந்தது.

இந்தத் தடவை எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது; உள்ளே விளக்கில்லை. தண்ணீர் கொட்டுகிறது. கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. குழாய் மூடியிருந்தது. பேசின் நனைந்திருந்தது. கண்ணாடியில், ஒரு ஆள் குனிந்தால் முகம் வரும் உயரத்தில், தண்ணீர் தெறித்து வழிந்துகொண்டிருந்தது. தரையில் செம்மண் ஈரம். மாடியில் இருக்கிற வீடு இது, செம்மண் எங்கிருந்து வரும்? பேசினுக்கு முன்னால் இரண்டு செருப்புத் தடம். வாசலைப் பார்த்து. அவளைப் பார்த்து.

பின்னால் நகர்ந்தாள். மேசைக்கு வந்துவிட்டாள். பின்னால் குழாய் மறுபடி கொட்டத் தொடங்கியது.

"அண்ணே" என்றாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. "தப்பு என்னோடதுதாண்ணே. குடுத்துடறேன். இவங்க ரெண்டு பேரையும் விட்டுடுங்க."

பென்சிலை எடுத்தாள். எழுதினாள்: நாற்பத்திரண்டாவது மைல், நிறுத்தம், பத்து நிமிடம்.

குழாய் நின்றது. இறுக்கி மூடுவது கேட்டது. வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வெறும் மழை வாசனைதான் மிஞ்சியது. அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூன்று வருட அழுகையையும் அழுதாள். அழுது முடிந்ததும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிட்டது. எவ்வளவோ நாள் கழித்துத் தூக்கம், நிஜமான தூக்கம், கண்ணைச் சுழற்றியது. தலையை மேசையில் சாய்த்தாலே போதும், தூங்கிவிடலாம்.

தாள்களை அடுக்கினாள். மூன்றாம் நாளைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தாள். பத்தரை மணி நேரம், அதோடு பத்து நிமிடம். ஐந்து பத்து. கூட்டல் சரி. சாவடி ஐந்துக்கு மூடிவிடும்.

பத்து நிமிடம் அதிகம்.

அருவியில் குறைத்தால் வாலு வீட்டையே இரண்டாக்குவாள். சாப்பாட்டில் குறைக்க முடியாது. அசதியில் பாதிக் கண் மூடியிருந்தது. பார்வை பத்தியில் மேலிருந்து கீழே இறங்கியது, பதினோரு வருடமாக இறங்குகிற மாதிரியே, யாரும் ஏறாத, யாரும் இறங்காத வரியைத் தேடி. சாப்பாட்டுக்குப் பின் ஓய்வு, இருபது நிமிடம். ரப்பரை எடுத்தாள். இருபதை அழித்துப் பத்து என்று எழுதினாள். கடைசி வரியில் ஐந்து.

ஒரு நொடிதான் ஆனது.

குளியலறையில் குழாய் திறந்தது. தண்ணீர் வரவில்லை. வெறும் காற்று. புஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. ஐயோ என்று ரப்பரை வைத்துத் தேய்த்தாள். பத்து அழியவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தாள்தான் கசங்கியது. கையெழுத்துக் கோட்டில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. நனைந்த விரலால் போட்ட கையெழுத்து. அவளுக்குத் தெரிந்த கையெழுத்து.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

ஓடினாள்.

கணவன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் நெஞ்சுக்குமேல், காற்றில், பெரிய வட்டம் ஒன்றை இறுகப் பிடித்திருந்தன. வலது கால் மெத்தையை மிதித்தது. எடுத்தது. மிதித்தது. ஒவ்வொரு தடவையும் கடைசிவரை போய் முட்டியது. பிரேக் பிடிக்காத வண்டியில்தான் கால் அப்படிப் போகும்.

"ஏங்க! ஏங்க, எந்திரிங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் திறக்கவில்லை.

வாலு உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஒன்றைப் பிடித்திருந்தாள். உடம்பு முழுக்க இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் சடையும் கீழே தொங்காமல் இடப்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. தலைமாட்டில் வைத்த தம்ளரில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, விளிம்பைத் தொட்டபடி, சரிவாக நின்றது.

தளும்பவில்லை. திரும்பவில்லை. வளைவு நீண்டுகொண்டே போனது.