செப்புக் குடத்துத் தண்ணீர்

பள்ளிச் சுற்றுலாவில் பிச்சாவரம் போயிருந்த இசைவாணி, மாலையில் சிதம்பரத்துக்குத் திரும்பினாள். வீட்டில் நுழைந்ததும் கண்ணாடித் தொட்டியை நோக்கித்தான் ஓடினாள்.

தொட்டியில் செடிகள் பச்சைப்பசேல் என்றுதான் இருந்தன. செர்ரி இறால்கள் மட்டும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. விரல் நுனி அளவே உள்ள சிவப்பு இறால்கள், இருபத்து மூன்று. எது எது என்று அடையாளம் தெரியாததால், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருந்தாள்: குட்டி.

"டேய் சிலம்பு! தொட்டில என்னடா போட்ட?"

ஆறு வயதுத் தம்பி சிலம்பரசன் மிரண்டான். "நான் ஒண்ணும் போடலக்கா."

"போன வாரம் முறுக்கு போட்டவன்தானே நீ?"

போட்டவன்தான். ஆனால் இன்று அவன் தொட்டிப் பக்கமே போகவில்லை. உதடு பிதுங்கி அழத் தொடங்கினான்.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "அவனத் திட்டாதடி. ஞாயித்துக்கெழம நீதான தண்ணி மாத்துவ? டூர் போயிட்டியேன்னு நான் மாத்தனேன். நீ பக்கெட்ல புடிச்சி வச்சதுல பிளீச்சிங் வாசனை ஜாஸ்தியா இருந்துச்சி. வாயில்லா சீவனாச்சே, நாம குடிக்கிற தண்ணியவே ஊத்தனேன்."

"செப்புக் கொடத்துத் தண்ணியா?"

"ஆமா. ராத்திரி பூரா ஊறன தண்ணி. ஒடம்புக்கு நல்லதாச்சே?"

இறாலை விற்ற அன்றைக்கே கடைக்காரர் சொல்லியிருந்தார்: "செம்பு பட்ட தண்ணி எறாவுக்கு வெஷம் பாப்பா." அதை இசைவாணி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இருந்தும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அம்மா முந்தானையை முறுக்கியபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல தண்ணீரைத்தான் அம்மா ஊற்றியிருக்கிறாள். இசைவாணி தொட்டிப் பக்கம் குனிந்தாள்.

அப்போது ஓர் இறால் மீசையை அசைத்தது.

"சிலம்பு, ஒன்னத் திட்டனது தப்புதான். ஓடிப்போயி பிளாஸ்டிக் டப்பா எடுத்தா! டீ வடிகட்டியும்!"

பக்கெட் தண்ணீரை மோந்து பார்த்தாள். நாள் முழுக்கத் திறந்தே கிடந்ததால் வாசனை போயிருந்தது. அதை டப்பாவில் ஊற்றி, அசைந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஐந்துதான் தேறின.

பதினெட்டைக் கனகாம்பரச் செடியடியில் புதைத்தார்கள்.

"நானே கொன்னுட்டேன்டி" என்றாள் அம்மா.

"செம்பு ஆவாதுன்னு நான்தாம்மா சொல்லாம விட்டேன்."

அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு டப்பா இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. கூட்டும்போதுகூட அந்த மூலையை விட்டுவிட்டாள். இசைவாணிதான் அங்கே கூட்டினாள்.

எட்டாம் நாள் காலை, டப்பாவை எட்டிப் பார்த்த அம்மாவின் அலறல் கேட்டது.

"இசை! இன்னொண்ணும் போயிடுச்சிடி!"

இசைவாணி ஓடிவந்து பார்த்தாள். டப்பாவின் அடியில் வெள்ளையாக ஒன்று அசையாமல் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாவலம்மா. பாம்பு மாதிரி சட்டை உரிச்சிருக்கு. நல்லா இருந்து வளந்தாத்தான் உரிக்கும்."

அம்மா நம்பவில்லை. டப்பாவின் அருகே உட்கார்ந்து விரல் நீட்டி எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். அப்போதும் ஐந்து.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு டப்பாவுக்குள் குனிந்தாள்.

"அடியே குட்டி, ஒரு நிமிசத்துல என் உசுர வாங்கிட்டியே!"