உடையாத அழைப்பு

சேந்தன் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். ஒரு ஆளுக்கு எவ்வளவு பால் என்பது இன்னும் கைக்குப் பழகவில்லை. மீந்ததைத் தொட்டியில் ஊற்றினான். மாவு புளித்திருந்தது, அதையே இரண்டு தோசையாகச் சுட்டு, அடுப்படியில் நின்றபடியே தின்றான். கைப்பேசி அடித்தது. திருமங்கலத்திலிருந்து அம்மா.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேன்."

"உடம்பப் பாத்துக்க."

"சரிம்மா."

ஒரு கரகரப்பு இல்லை. ஓர் இடறல் இல்லை. அழைப்பு என்பது உடையும் என்பதையே நாட்டில் பாதிப் பேர் மறந்துபோயிருந்தார்கள்.

நிறையலைத் துறையில் அவன் அளவையாளன். ஊர் ஊராகப் போய், ஒரு சோதனை அழைப்புப் போட்டு, பேச்சு நடுவில் அறுபடுகிறதா என்று பார்ப்பது வேலை. அறுபடாது. திரையில் பச்சைக் குறி விழும். அடுத்த ஊர்.

முன்பெல்லாம் ஊரில் அலை இருக்கிறதா என்பதைக் கோபுரத்தை வைத்துச் சொன்னார்கள். மலைக்கும் காட்டுக்கும் கோபுரம் கட்டி மாளவில்லை. பிறகு ஒரு சட்டம் வந்தது. எந்த ஊரில் பேச்சு அறுபடவில்லையோ அந்த ஊரில் அலை இருக்கிறது என்று பொருள். சட்டம் வந்த கையோடு, புதுக் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இட்டுநிரப்பியும் வந்தது. அலை மெலிந்து ஓர் எழுத்து விழுந்துபோனால், பேசுகிறவர் குரலிலேயே அதை இட்டு நிரப்பும். 'சாப்...யா' என்று வருவது காதில் 'சாப்பிட்டியா' என்று விழும்.

ஆரம்பத்தில் நிரப்பிய இடத்தில் ஒரு சின்ன மணி ஒலித்தது. சனங்களுக்கு அது பிடிக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். முதலில் எழுத்தை நிரப்பியது, பிறகு சொல்லை. இப்போது எதுவரை நிரப்புகிறது என்று சேந்தன் கேட்டதில்லை. துறையில் யாருமே கேட்பதில்லை. ஓட்டல் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று யார் கேட்கிறார்கள்?

அன்றைக்குக் கரடிப்பாறை. வருசநாட்டு மலையில், மாவட்டத்திலேயே மிச்சமிருந்த ஒரே சிவப்புப் புள்ளி. அங்கே ஒரு பழைய கோபுரம் இன்னும் நின்றது. ஊரார் கையில் பட்டன் போன்கள் இருந்தன. பட்டன் போனில் இட்டுநிரப்பி கிடையாது. கரகரக்கும், அறுபடும். அதனால்தான் ஊர் சிவப்பு. கோபுரத்தை இறக்கிவிட்டால் பட்டன் போன்கள் செத்துப்போகும், எல்லோரும் புதுப் போனுக்கு வருவார்கள், ஊர் பச்சையாகிவிடும்.

"வேற யாரையாவது அனுப்புங்க சார்" என்று கேட்டுப் பார்த்தான்.

"உன் மாமனார் ஊருதானேப்பா? நீ போனா ஒரு பேச்சுல முடிஞ்சிரும்" என்றார் மேலதிகாரி.

அந்த ஊரில் அவனிடம் யாரும் பேசுவதில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவன் மனைவி வைகைச்செல்வி போன ஐப்பசியில் அங்கேதான் இறந்தாள். காரியத்துக்குப் போனபோது 'வாங்க' என்று ஒரு வாய் சொல்லவில்லை. துக்கம், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டான். அப்படி எண்ணிக்கொள்வது சுலபமாகவும் இருந்தது.

வண்டி மலையேறியது. அவன் எதையும் நினைக்காமல் ஓட்டினான். அது இப்போது நன்றாக வந்தது.

வைகை கல்யாணமாகி வந்தபோது அவளிடமும் பட்டன் போன்தான் இருந்தது. அலுவலகத்தில் அவனுக்கு அவள் அழைப்பு வந்தால் அறை முழுக்கக் கரகரவென்று கேட்கும். "என்னப்பா, நிறையலைக்காரன் வீட்டம்மா இன்னும் பட்டன அமுக்கிக்கிட்டு இருக்காங்களா?" என்று சிரிப்பார்கள். அவன் அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். தன் போனில் பட்டன் போன் அழைப்புகள் எதுவும் வராதபடி அடைத்தும் வைத்தான். சிரிப்பு நின்றது.

கரடிப்பாறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போனில் ஒருவர் சேதி சொன்னால் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். 'சனிக்கிழமை சந்தைக்கு ஜீப்பு வருது' என்றால், 'சனிக்கிழமை, சந்தை, ஜீப்பு' என்று அந்தப் பக்கம் சொன்னால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. கரகரக்கும் அலையில் பிழைத்த சனங்களின் புத்தி. வைகை அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாள். வெங்காயம், கற்பூரம், அரைக்கிலோ ரவை என்பாள். "திருப்பிச் சொல்லுங்க" என்பாள். ஒருமுறை அவன் நண்பர்கள் எதிரே அப்படிக் கேட்டுவிட்டாள்.

"இதென்ன காட்டுப் பழக்கம்? நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?"

அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். தினமும் போனில் பேசினார்கள். எதிரில் இருக்கும்போது முணுக்கென்று கோபப்படுகிறவள், போனில் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, உடம்பைப் பார்த்துக்கோங்க. பிரிந்திருக்கும்போதுதான் பெண்டாட்டியின் அருமை தெரிகிறது என்று அவன் நண்பனிடம்கூடச் சொன்னான். எவ்வளவு தேறிவிட்டாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

கடைசி நாள் நண்பகலில் அழைத்தாள். அவன் மலையடிவாரத்தில், துறை வண்டியோடு, ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் களைப்பா இருக்குங்க. படுத்தா சரியாயிரும். நீங்க வேலையப் பாருங்க" என்றாள். "சரிம்மா, தூங்கு" என்று வைத்துவிட்டான். பொழுது சாயும்போது சேதி வந்தது. வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. இழவு வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான்: "கடைசியா எங்கிட்ட, வேலையப் பாருங்கன்னுதான் சொன்னா." அவள் தம்பி மாயன் சட்டென்று எழுந்து வெளியே போனான். ஏன் என்று சேந்தனுக்குப் புரியவில்லை.

சேந்தன் கரடிப்பாறை போய்ச் சேர்ந்தபோது, மாயன் வாசலில் ஜீப்புக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஒச்சம்மா முறத்தில் ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில், ரப்பர் பேண்டு சுற்றிய பட்டன் போன் செருகியிருந்தது.

"வாங்க ஆபீசர்" என்றான் மாயன். மச்சான் என்று சொல்லவில்லை.

"மாயா, ஆர்டர் வந்திருக்கு. கோபுரத்த இறக்கணும். எல்லாருக்கும் புதுப் போன் துறையே குடுக்குது."

"வாங்குனவ ஒருத்தி போய்ச் சேந்துட்டா. பத்தலையா?"

ஒச்சம்மா நிமிரவில்லை. "உக்காருங்கண்ணே" என்று மட்டும் முறத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீயே சோதிச்சுப் பாரு" என்றான் சேந்தன். "இந்தப் போன எடுத்துக்க. ஊர்ல எங்க வேணா போய்ப் பேசு. ஒரு இடத்துல அறுந்தாலும் கோபுரம் இருக்கட்டும்னு எழுதிர்றேன்."

மாயன் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். "இது அதுபாட்டுக்கு என் குரல்ல பேசுமாமே?"

"ரெண்டு வார்த்தை பேசிக்காட்டு. குரலைப் புடிச்சுக்கும்."

"எம்பேரு மாயன். ஜீப் ஓட்டுறேன். எங்க ஊர்ல நாய்கூட சொன்ன சொல்லக் காப்பாத்தும். போதுமா?"

போதும் என்று போன் மணியடித்தது. மாயன் ஓடையைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏறினான். அங்கே அலை நூல் மாதிரிதான் இருக்கும் என்பது சேந்தனுக்குத் தெரியும். அழைப்பு வந்தது. காதில் வைத்தான்.

"மச்சான், நல்லாக் கேக்குது. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு."

மாயனின் குரல். அதே கட்டைக் குரல். 'மச்சான்' என்றதும் சேந்தனுக்கு நெஞ்சு இளகியது. அப்போது காற்று திரும்பியது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து, போன் வழியாக இல்லாமல், வெறும் காற்றில், அதே குரல் வந்தது.

"கேக்குதாடா? எங்க அக்கா கூப்பிட்டப்ப வர்றேன்னு சொல்லிட்டு எங்கடா போன? சொல்லுடா! நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"வெயிலுக்கு முன்னாடி வேலைய முடிச்சிருவோம் மச்சான்" என்றது காதில் இருந்த போன். "ஒச்சம்மாகிட்ட காபி வாங்கிக் குடிங்க."

எதிர்ச் சரிவில் மாயன் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவது சின்னதாகத் தெரிந்தது. சேந்தன் அழைப்பைத் துண்டித்தான். திரையில் பச்சைக் குறி விழுந்தது. உடைவு இல்லை.

அழைப்பு முடிந்தது. ஆனால் மாயன் இன்னும் போனைக் காதில் வைத்திருந்தான். தலையைக் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல இறங்கி வந்தான். அவன் முகம் கலங்கியிருந்தது.

"போன்ல அழுதீங்களே, மன்னிச்சிரு மாயான்னு. அத இங்க, எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க மச்சான். எனக்கு அது போதும்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"என்னாது?"

"நீ கத்திக்கிட்டு இருக்கும்போதே வெச்சிட்டேன் மாயா. அலை இல்லாத இடத்துல அதுக்கு நான் வெச்சது தெரிஞ்சிருக்காது."

சொல்லும்போதே அவன் காது மடல்கள் சுட்டன. ஒரு போன் அவனுக்காக அழுதிருக்கிறது, அவன் கேட்காத மன்னிப்பைக் கேட்டிருக்கிறது. மாயன் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை ஜீப்பின் மூக்கில், தொட்டால் ஒட்டும் பொருளை வைப்பதுபோல, வைத்தான்.

சேந்தன் ஒச்சம்மாவின் பக்கம் திரும்பினான். "வர்றேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"மதினி கூப்பிட்டப்பண்ணே. அன்னிக்கி."

"களைப்பா இருக்கு, படுத்தா சரியாயிரும்னுதானே எங்கிட்ட சொன்னா?"

முறத்தில் ஒச்சம்மாவின் கை நின்றது. "மதினியா? அப்படியா கேட்டுச்சு உங்களுக்கு?"

அவன் தன் போனைப் பார்த்தான். அவளுக்கும் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் அவனைப் பார்க்காத கண்களால் இப்போது பார்த்தாள். அந்தக் கண்களில் வெறுப்பு இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வெறுத்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

"அக்கா குரலுக்கும் போனோட குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா மச்சான்?" என்றான் மாயன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "கட்டுன பொண்டாட்டி பேசுறாளா இல்லையான்னு?"

தெரியவில்லை. அதுதான் உண்மை. மாதக்கணக்காகத் தெரியவில்லை. அதட்டாத, சலிக்காத, எதுவும் கேட்காத அந்தக் குரலை அவன் மெச்சிக்கொண்டிருந்தான். மலைமேல் ஒருத்தி என்னென்ன சொன்னாளோ, எதற்கெல்லாம் சண்டை போட்டாளோ, எதற்கு அழுதாளோ. அவள் பேச்சில் ஒரு சொல்லாவது அவனிடம் வந்ததா? வந்திருந்தால்தான் என்ன, அடையாளம் கண்டிருப்பானா?

"என்ன சொன்னா?" என்றான். "எங்கிட்ட என்னதான் சொன்னா?"

ஒச்சம்மா மாயனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் பக்கத்துலதான்ணே உக்காந்திருந்தேன். காலெல்லாம் வீங்கிப்போச்சு. தலை வெடிக்குதுன்னாங்க. கண்ணு இருட்டுது, உங்க வண்டிய எடுத்துக்கிட்டு உடனே வாங்கன்னு சொன்னாங்க. அங்கிட்டு நீங்க, பயப்படாத, இந்தா கெளம்பிட்டேன்னு சொன்னீங்களாம். போனக் கையால பொத்திக்கிட்டு எங்கிட்ட சொன்னாங்க."

"நீ மாயனக் கூப்பிடலையா?"

"அந்தக் கோடி எஸ்டேட்ல இருந்தாரு. இந்தப் பட்டன் போன்ல கூப்பிடுறேன் மதினின்னு எடுத்தேன். வேணாம், அவரு அடிவாரத்துலதான் இருக்காரு, கெளம்பிட்டாருன்னு என் கையப் புடிச்சு நிறுத்திட்டாங்க. உங்கள நம்பித்தான்ணே உக்காந்திருந்தோம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடுனேன்."

மாயன் ஜீப்பின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். சேந்தன் நின்றுகொண்டிருந்தான். டீக்கடை நினைவுக்கு வந்தது. தூங்கு என்று சொல்லி வைத்துவிட்டு இன்னொரு வடை வாங்கியது நினைவுக்கு வந்தது. அவன் வைத்த பிறகும் அவள் காதில் அவன் குரல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. பயப்படாதே என்று, இந்தா கிளம்பிவிட்டேன் என்று. அவன் வாழ்நாளில் அவளிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

"அதுக்கப்புறம் பேசுனாளா?"

"இல்லண்ணே. நெனப்பு தப்பிருச்சு. அதுதான் கடைசி."

"எது?"

ஒச்சம்மா தயங்கினாள். "உங்களுக்கு அது புடிக்காதுன்னு மதினி சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட மட்டும் அதக் கேக்கவே மாட்டாங்க. அன்னிக்கி என்ன தோணுச்சோ. நீங்கதானா பேசுறதுன்னு சந்தேகம் வந்துச்சோ என்னமோ. மறுபடி போன ரெண்டு கையாலயும் புடிச்சுக் காதுல வெச்சாங்க. மெதுவா, கெஞ்சுற மாதிரிதான் கேட்டாங்கண்ணே."

"என்னன்னு?"

"'திருப்பிச் சொல்லுங்க'ன்னு."