வேப்பிலை கட்டிய வீடு

கோவில் குளத்தின் கடைசிப் படியில் காவலாளி அப்பாதுரை குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்!

சன்னிதியில் அம்மன் கழுத்து வெறுமையாக இருந்தது. காசுமாலை இல்லை!

அலறல் நெசவாளர் தெருவுக்குள் வருவதற்கு முன்பே, இளவரசியின் வீட்டுக்குள் ஒரு கத்தி வந்துவிட்டது.

"சத்தம் போட்டே... உன் புருஷன் காலி!"

பின்கட்டுச் சுவரேறிக் குதித்தவன். பெயர் லோகேஸ்வரன் என்பது பிறகுதான் தெரிந்தது. இடுப்பு மடிப்பில் மாலை புடைத்துக்கொண்டிருந்தது.

இளவரசி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். புருஷன் குமரகுரு பட்டுத்தறி நெய்பவர். இரண்டு நாளாய் ஜுரம். தறி ஓரமாய்ப் படுத்திருந்தவரை இழுத்து, தறிக்காலோடு சேர்த்துக் கட்டினான் அவன். அவருடைய பட்டு நூலாலேயே!

களைப்பில் அவருக்குப் பேச்சே எழவில்லை.

தெருவில் பூட்ஸ் சத்தம்... வீடு வீடாய்ச் சோதனை!

லோகேஸ்வரனின் கண் கொல்லைப்புற வேப்பமரத்தில் நின்றது.

"உன் புருஷனுக்கு ஜுரமா? நல்லதாப் போச்சு! ஒரு கொத்து வேப்பிலைய வாசல்ல கட்டு. அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லு."

இளவரசி புருஷன் பக்கத்தில் குனிந்தாள். சட்டைக்குள் கைவிட்டுச் சூடு பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்...

கத்தி மினுங்கியது.

விழுங்கிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டபோது வேப்பிலை ஆடிக்கொண்டிருந்தது. கதவின் மறைவிலிருந்து கத்தி முனை அவள் விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் உமாபதி.

"ஏம்மா, வீட்ட செக் பண்ண..."

இலையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயே! யாருக்குமா?"

"அவருக்கு சார்."

"அப்ப நான் உள்ள வரக் கூடாது. தெருமுனையிலதான் இருப்போம். அப்பாதுரைக்கு மூச்சு இருக்குதுமா, ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். ஆத்தா கிட்ட வேண்டிக்க."

போய்விட்டார்!

கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் உடைத்திருப்பார்கள். ஒரு கொத்து இலையை யார் உடைப்பது? தெருவே எதிர்ச்சாரியில் ஒதுங்கி நடந்தது.

லோகேஸ்வரன் ஜன்னல்களைச் சாத்தினான். குமரகுருவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் டம்ளரில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்தான்.

"இருட்டினதும் கெளம்பிடுவேன்."

"எங்கள விட்டுடுவியா தம்பி?"

"என் மூஞ்சிய பாத்தவங்கள பேச விட்டா, எனக்கு ஏது பொழப்பு?"

இளவரசி சாத்திய கதவைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் யாராவது உள்ளே வர வேண்டும். ஆனால் யாரும் வரமாட்டார்கள்!

அப்போதும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி... உனக்கு சின்ன வயசுல அம்மை போட்டிருக்குதா?"

"இல்ல. எதுக்கு?"

"அப்ப அவர் கிட்ட உக்காராத. அந்த டம்ளர கீழ வை. அது காத்துலயே பரவும்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நானே கட்டச் சொன்ன பொய் அம்மை... அதுக்கு எனக்கே பத்தியமா? சரி நர்ஸம்மா, பொழுது போவணும். வைரஸ்னா இன்னா? பூச்சியா?"

"பூச்சின்னா தானா தின்னும், தானா குஞ்சு பொரிக்கும். இதுக்கு ரெண்டும் வராது. உள்ள, தறிக்கு எத நெய்யணும்னு சொல்ற டிசைன் அட்டை மாதிரி ஒண்ணு, அதச் சுத்தி ஒரு பெட்டி, மேல கொழுப்புல ஒரு போர்வை. அவ்ளோதான். வெளிய கெடந்தா பொணம்."

"பொணம் எப்படி பெருகும்?"

"அதுக்கு சொந்தத் தறி கெடையாது தம்பி. நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு தறி. உள்ள பூந்து அதோட அட்டைய மாட்டிடும். நூலு நம்முது, ஒழைப்பு நம்முது... நெய்யறது அதோட டிசைன்! ஆயிரக்கணக்குல நெய்ய வெச்சி, கடைசில தறியையும் ஒடச்சிக்கினு பக்கத்துத் தறிக்குப் போவும்."

"அட, நம்மாளு!"

"ஆமா. ஆனா ஒடம்பு அந்த மூஞ்சிய மறக்காது. மறுதபா வந்தா அடையாளம் கண்டு புடிச்சிடும்."

அவன் சிரிப்பு நின்றது.

வாசலில் குரல்.

"இளவரசிமா! கூழும் எளநீரும் வெச்சிருக்கறேன், எடுத்துக்க! நான் உள்ள வரல!"

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள். அம்மை கண்ட வீட்டுக்கு அக்கம்பக்கம் செய்யும் உபகாரம் அது. இளவரசி கதவிடுக்கில் கைநீட்டி எடுத்தாள். புருஷனுக்கு ஊட்டினாள். ஒரு கிண்ணம் அவனுக்கும் வைத்தாள். எதிரியானாலும் பசி பசிதானே!

ஒரு வாய் குடித்துத் துப்பினான்.

"த்தூ! இத எவன் குடிப்பான்? சூடா ரசம் வை!"

"ரசமா...?" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "தாளிச்சே ஆவணுமா தம்பி?"

"தாளிக்காம வெச்சா அது வெந்நீரு! கமகமன்னு இருக்கணும்!"

பாவம்... ஹாஸ்டலிலும் ஓட்டலிலும் வளர்ந்தவன். வாசலில் தொங்கும் வேப்பிலை அவனுக்குத் தெரியும். அந்த வீட்டு அடுப்படியில் எது கூடாது என்று சொல்லித்தர ஒரு தாய் அவனுக்கு வாய்க்கவில்லை.

இளவரசி கண்களை மூடினாள்.

'தாயே, மன்னிச்சிடு. ரெண்டு உசிரு...'

எண்ணெய் காய்ந்தது. கடுகு... மிளகாய்... பெருங்காயம்...

படபடபட!

வாசனை ஓட்டிடுக்குகளில் நுழைந்து தெருவுக்குப் போனது.

"அடியே இளவரசி!" கிருஷ்ணம்மாள் கத்தினாள். "ஆத்தா இருக்கற வீட்ல தாளிக்கறியா? புத்தி கெட்டுப்..."

பேச்சு பாதியில் நின்றது.

பிறகு சத்தமே இல்லை.

"அந்தம்மா எதுக்கு கத்துது?" லோகேஸ்வரன் எழுந்தான்.

"அ... அவங்களுக்கும் ரசம் வேணுமாம்."

அவன் ஜன்னலிடுக்கில் கண்ணை வைத்தான். நிமிடங்கள் நகர்ந்தன. தெரு காலி! ஒரு நாய்கூட இல்லை!

"ஏய்... இன்னாடி பண்ணே?"

கத்தியோடு அவள் மேல் பாய்ந்தான். அதே நேரம்... பின்கதவு தடாலென்று பெயர்ந்து விழுந்தது!

திடுக்கிட்டுப் பின்வாங்கினான். பின்காலுக்குக் கீழே தரை இல்லை!

தறிக்குழி! நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் பள்ளம்.

இடுப்புவரை இறங்கிவிட்டான். மிதிகட்டைக் கயிறுகள் காலைச் சுற்றிக்கொண்டன. கத்தி ஒரு பக்கம், காசுமாலை ஒரு பக்கம்...

உமாபதி விலங்கை மாட்டினார்.

"கிருஷ்ணம்மாள் ஓடியாந்து சொன்னாங்கமா. 'இளவரசி பட்டினி கெடந்தாலும் கெடப்பா, அம்மை வீட்ல தாளிக்க மாட்டா. உள்ள வேற எவனோ இருக்கறான்'னு!"

குமரகுருவின் கட்டை அவிழ்த்தபடியே சிரித்தார்.

"ஆனாலும் அம்மைன்னு என்னையே நம்ப வெச்சிட்டியேமா... இன்னா நடிப்பு!"

"நடிப்பு இல்ல சார்."

புருஷனின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

முதுகெல்லாம் முத்து முத்தாய் நீர்க்கொப்புளங்கள்!

"காலைல சூடு பாத்தப்பத்தான் கையில தட்டுப்பட்டுது."

உமாபதி துள்ளி விலகினார். "நல்லவேள, எனக்கு எட்டு வயசுலயே போட்டுடுச்சி!"

குழிக்குள் நின்றவனுக்கு முகம் வெளுத்தது.

"ந... நாள் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேனே! அந்த டம்ளர்ல..."

"தள்ளி உக்காருன்னு சொன்னேனே தம்பி."

அவள் குரலில் ஏளனம் இல்லை.

"சார், ரெண்டு மூணு வாரத்துல இவனுக்கும் வரலாம். ஜெயில் டாக்டர் கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. தனியா வெக்கணும். நகத்த வெட்டி விடணும், சொறிஞ்சா தழும்பாயிடும். எளநீர் நானே குடுத்தனுப்பறேன்."

லோகேஸ்வரன் தலை குனிந்தது.

காலையிலிருந்து வாய் திறக்காத குமரகுரு மெல்ல முனகினார்.

"சார்..."

"சொல்லுப்பா."

"ரசம் மட்டும்... தாளிக்காம குடுக்கச் சொல்லுங்க!"