மூச்ச விடுங்க அண்ணாச்சி!

"ஐயோ அண்ணாச்சி... மூச்ச விடுங்க!"

ஹில்டா போட்ட சத்தத்தில் கடற்கரைப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். உடற்பயிற்சிக் கருவியின் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டிருந்த பெரியவருக்கு முகம் செக்கச்செவேலென்று... கன்னம் இரண்டும் உப்பி... எழுந்தவர் அப்படியே ஆடினார். ஹில்டா பாய்ந்து கையைப் பிடித்தாள். ஆத்தாடி, என்ன கண்கள்! உப்புக்காற்றில் சிவந்து, ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து, ஆனாலும் சின்னப்பிள்ளைக் கண்கள்... அறுபது வயசில் இப்படியெல்லாம் தோணலாமா என்று அவளுக்கே கூச்சமாகப் போயிற்று.

"முங்கிச் சங்கு எடுத்தவன் நானு. எனக்கே மூச்சப் பத்திச் சொல்லித் தாரியளா?"

"கடலுக்குள்ள அடக்குங்க, யாரு வேண்டாம்னா? கனத்தத் தள்ளும்போது அடக்குனா பிரஷர் எகிறிரும். தள்ளும்போது மூச்ச விடணும். காலமெல்லாம் ஆஸ்பத்திரில பிசியோதெரபி பாத்தவ சொல்லுதேன்!"

"இனிகோ அண்ணாச்சிக்கே பாடமா?" என்று யாரோ சிரிக்க, அவர் கையை உருவிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்... 'நல்லதத்தானே சொன்னேன், வராட்டிப் போறாரு' என்று ஹில்டா வீம்பாக இருந்தாள். கண் மட்டும் பூங்கா வாசலிலேயே கிடந்தது. கணவர் ஃபிராங்க்ளின் போனபிறகு அவளிடம் பதிலுக்குப் பதில் பேச ஆளே இல்லை. கிடைத்த ஒரு மனுஷரையும் வாயால் விரட்டிவிட்டோமே! ஞாயிறு பூசை முடிந்ததும் வீம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அவர் தெருவில் விசாரித்துக்கொண்டு கடற்கரைக்கே போனாள்.

தூறல்... கரையேற்றிய வள்ளத்துக்குப் பின்னால் ஜெபச் சத்தம். எட்டிப் பார்த்தாள். இனிகோ! ஸ்டூலிலிருந்து மெதுவாக எழுவதும் உட்காருவதுமாக... எழும்போதெல்லாம் உரக்க, "அருள் நிறைந்த மரியே வாழ்க!"

ஹில்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இது ஜெபமாலையா, எக்சர்சைஸா?"

"வாய் பேசிக்கிட்டே இருந்தா மூச்சடக்க முடியாதுல்லா?" என்றார் வெட்கத்தோடு. "டாக்டர்ட்டப் போனேன். பிரஷர் ஏறிக் கெடக்காம். மாத்திரை தந்திருக்காரு. அன்னைக்கு நீங்க சத்தம் போடலன்னா..." கைகூப்பினார். "நீங்க நல்லா இருக்கணும்."

"எல்லார் முன்னாலயும் கத்திட்டேன். மன்னிச்சுக்கிடுங்க. அதுக்காகப் பார்க்குக்கே வராம இருக்கதா?"

"அதுக்கில்ல... தலைசுத்து அன்னைக்கே நின்னுட்டு. நீங்க கையப் பிடிச்ச நெனப்புதான் போவமாட்டேங்கு. இந்த வயசுல இதென்ன கூத்துன்னு ஒளிஞ்சுகிட்டேன்."

மழை வலுத்தது. இமையில் நீர் சொட்ட அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் எங்கே போய் ஒளிவது?

"ஹில்டா..." பெயரை எப்போது விசாரித்தாரோ! "பெஞ்சாதி போன பெறவு, இருந்தா என்ன, போனா என்னன்னு கெடந்தேன். இப்ப இந்த உடம்பு நல்லாருக்கணும்னு ஆசையா இருக்கு. உங்ககூட நடக்கணும். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

ஹில்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதாவே, உனக்குக் கோடி நன்றி...

"எனக்குந்தான்" என்றாள்.

அவ்வளவுதான், மழைக்கு ஒதுங்க அவளை இழுத்துக்கொண்டு மாதா கோயில் பக்கம் ஓடப்பார்த்தார் மனுஷர்.

"ஏ இனிகோ, ஓடாதீங்க, வழுக்கும்!" அவர் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நனைஞ்சா நனையட்டும்... மெதுவாவே போவோம்."